அஞ்சலாட்சியின் பை கிழியவில்லை

புதுச்சேரியில், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் கொட்டகைக்கும் சோடா கம்பெனிக்கும் நடுவில், 'இராமதாஸ் எ ஃபீஸ்' என்று ஒரு பலகை தொங்கியது. 'இராமதாஸ் அண்டு சன்ஸ்' என்பதைப் பிரெஞ்சில் அப்படித்தான் எழுத வேண்டுமாம். இராமதாசுக்குப் பிறந்த மூன்றும் பெண்கள். "போர்டுக்கு ஒரு கம்பீரம் வேணாமா?" என்பார்.

அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டு வாசலில் நின்று ஆள் பெயரைக் கூவியவர். வாசலில் நின்றவர் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கோர்ட்டில் இருந்தவர் என்றாகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றுக்குள் ஏறக்குறைய நீதிபதி ஆகிவிட்டார். ஆகவே மகனை யாரும் முதலாளி என்று கூப்பிடக் கூடாது. பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல் முசே என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் அவர் உள்ளே நுழையும்போது பதினொரு தையல் மிஷின்களும் நிற்கும். பதினொரு பெண்கள் எழுந்து "பொன்ழூர் முசே" என்பார்கள். அவர் "ம்" என்பார். இந்த மரியாதைக்கு ஆகும் நேரத்தைப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் தைத்து ஈடுகட்டினார்கள்.

அங்கே தயாரானது முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. தடித்த கித்தான் துணி, தோல் ஒட்டு, பித்தளை பக்கிள். பாரிஸில் கடை வைத்திருந்த மதாம் கிளேர் என்ற அம்மாளுக்காக அது தைக்கப்பட்டது. மதாம் கிளேர் அமைதி தேடிப் புதுச்சேரிக்கு வந்தவர். ஒரு மாதம் தேடியும் அது அகப்படாததால், பை கிடைத்த மட்டும் லாபம் என்று திரும்பியவர். அந்தப் பை ஒன்று பாரிஸில் என்ன விலைக்குப் போகிறதோ, அதைச் சம்பாதிக்க இங்கே தைக்கிறவள் மூன்று மாதம் மிஷினை மிதிக்க வேண்டும். பையின் உள்ளே ஒரு சீட்டு: 'இருபது வருஷ உத்தரவாதம்.' கம்பெனி ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம்.

முதன்முதலில் சாம்பிள் பையைத் தைத்தவள் அஞ்சலாட்சி. நெல்லித்தோப்பிலிருந்து நடந்தே வருகிறவள். வயது முப்பத்து நான்கு. சிறுமியாக இருந்தபோது கன்னியாஸ்திரீகளின் தையல் பள்ளியில் நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஒரு மதர், தைத்து முடித்த துணியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பாராம். பிரிந்தால் முதுகில் ஒன்று விழும். அந்த அடிக்குப் பயந்த கை, பயம் போன பிறகும் அதே மாதிரிதான் தைத்தது. தோள்பட்டை வார் பையோடு சேருகிற இடத்தில் சதுரமாக நாலு பக்கமும் தைத்து, அதன் நடுவில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுப்பாள். அதற்குப் பெண்கள் வைத்த பெயர் பொட்டித் தையல்.

சாம்பிளில் இருபது செங்கல்லைப் போட்டு, கூரை உத்திரத்தில் மூன்று நாள் தொங்கவிட்டார் மதாம் கிளேர். நூல் அசையவில்லை. "இதை யார் தைத்தார்கள்?" என்று கேட்டார். இராமதாஸ் தன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அது பணிவு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, பதில் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

ஐந்நூறு பைக்கு ஆர்டர் வந்தது.

மறுநாள் இராமதாஸ் கையில் கடிகாரத்தோடு அஞ்சலாட்சியின் பின்னால் வந்து நின்றார். ஒரு வாருக்குப் பொட்டித் தையல் போட நாலு நிமிஷம். நேர்க்கோடு ஒன்று ஓட்ட அரை நிமிஷம்.

"மேல தோல் ஒட்டு வந்து மூடிடுது. உள்ள இன்னா இருக்குன்னு எவன் பாக்கப்போறான்? ஒத்தக் கோடு போதும்" என்றார்.

"சாம்பிள்ல பொட்டி இருக்குதே முசே" என்றாள் அஞ்சலாட்சி.

"சாம்பிள் பாக்கறதுக்கு. பை விக்கறதுக்கு."

மேஸ்திரி கண்ணையன் எல்லா மிஷினுக்கும் போய் ஒற்றைக் கோடு என்று சொல்லிவிட்டு வந்தார். நைலான் நூல்கண்டுகள் போய்ப் பருத்தி நூல் வந்தது.

இன்னொரு ஏற்பாடும் அப்போது வந்தது. ஒவ்வொரு பெண்ணும் தான் தைத்த பையின் உள்மடிப்பில் தனக்கென்று கொடுத்த நிறத்து நூலில் மூன்று தையல் போட வேண்டும். அஞ்சலாட்சிக்குச் சிவப்பு. அடுத்த மிஷின் வசந்தாவுக்கு நீலம். எந்தப் பையில் கோளாறு என்றாலும் யார் கூலியில் கை வைப்பது என்று தெரிவதற்காக இராமதாஸ் செய்த ஏற்பாடு அது. மதாம் கிளேர் அதைப் பார்த்துக் கண் கலங்கி, 'ஒவ்வொரு பையிலும் அதைப் படைத்தவளின் கையொப்பம்' என்று பாரிஸில் நோட்டீஸ் அடித்துவிட்டார்.

எல்லோரும் ஒற்றைக் கோடு ஓட்டினார்கள். அஞ்சலாட்சி மட்டும் பொட்டி போட்டாள். அவளை உத்தமி என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. சாம்பிள் தைத்த கை என்ற திமிர். நைலான் நூலில் நாலு கண்டு மிஷின் டிராயரில் கிடந்தது. அது தீரும் வரை அதிலேயே தைத்தாள். தீர்ந்த பிறகு பருத்தி நூலை இரட்டையாகக் கோத்தாள். மற்றவர்கள் நாளைக்கு எட்டுப் பை தைத்தால் அவள் ஐந்து.

"இன்னாக்கா, அந்தப் பைக்குக் கல்யாணம் காட்சி பண்ணிப் பாக்கப்போறியா? ஒத்தக் கோடு ஓட்டிட்டு வுடுவியா" என்பாள் வசந்தா.

"கை வரமாட்டேங்குதுடி."

"முசே கண்ணுல பட்டா தெரியும் சேதி."

இராமதாஸ் தினமும் கத்தினார். "இவ கை இன்னா, ஆமை மேல ஏறி வருதா?" என்பார். கண்ணையன், "சாம்பிள் கை முசே, இருக்கட்டும்" என்று சமாளித்தார். இந்த வேலை போனால் அஞ்சலாட்சிக்கு வேறு கதி இல்லை. அவள் புருஷன் சாமிக்கண்ணு வேலை பார்த்த மில் கதவடைத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அவர் தினமும் காலையில் மில் வாசலுக்குப் போய், பூட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டில் உலை கொதித்தது அஞ்சலாட்சி மிஷினை மிதித்ததால்தான்.

ஐந்நூறு பையும் கப்பலேறின. ஏழாவது மாதம் மதாம் கிளேரே வந்து இறங்கினார். அவரோடு நாலு பெரிய மரப்பெட்டிகள். உள்ளே, கிழிந்த பைகள்.

கூடவே கடிதங்களும் இருந்தன. ஒரு பேராசிரியர் மலையேறும்போது ஷூ கயிறு கட்டக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்தபோது வார் இரண்டும் தோளில் இருந்தன, பை பள்ளத்தாக்கில் இருந்தது. ஒருவருடைய பை ரயில் நிலையத்தில் அறுந்து, உள்ளே இருந்த இரண்டு பாட்டில் ஒயினும் ஒரு கன்னியாஸ்திரீயின் காலில் விழுந்திருக்கிறது. மதாம் கிளேர் ஒவ்வொன்றாக வாசித்தார். இராமதாஸ் பாதி இங்கிலீஷிலும், கால்வாசிப் பிரெஞ்சிலும், மீதியைக் கையாலும் பதில் சொன்னார். உங்கள் ஊர்க் குளிர் எங்கள் நூலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது சாரம்.

மதாம் கிளேர் தோல் ஒட்டைப் பிய்த்து உள்ளே இருந்த ஒற்றைக் கோட்டைக் காட்டினார். இராமதாஸ் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி பெண்களைப் பார்த்தார். பெண்களுக்குப் பார்ப்பதற்கு யாரும் இல்லை.

அந்த அம்மாள் தீர்ப்பு சொன்னார். எல்லாப் பையையும் சாம்பிளில் உள்ளபடி திரும்பத் தைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இருபது செங்கல்லோடு தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அது முடிகிறவரை புது ஆர்டர் கிடையாது. முக்கியமாக, யார் தைத்த பையோ அவளேதான் அதைச் செப்பனிட வேண்டும். அப்படிச் செப்பனிட்ட பையில், அவளுடைய போட்டோவோடு ஓர் அட்டை போகும்: 'உங்கள் பையைத் தைத்த வசந்தா, தன் கையாலேயே அதை மீண்டும் தைத்துத் தந்திருக்கிறாள்.' கிழிந்த பைக்கு இருபது வருஷ உத்தரவாதம் கொடுத்தவர் மதாம் கிளேரும்தான். ஆனால் அவருடைய போட்டோ அட்டையில் வரவில்லை.

கண்ணையன் உள்மடிப்பைப் புரட்டி நிறம் பார்த்துப் பைகளைப் பிரித்தார். வசந்தா முன்னால் முப்பத்தொன்று சேர்ந்தது. சின்னப்பாப்பா முன்னால் இருபத்தாறு. ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் ஒரு குவியல். அஞ்சலாட்சியின் முன்னால் சிமெண்டுத் தரை.

பெட்டிகளைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார் கண்ணையன். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

அஞ்சலாட்சிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. இத்தனை பேர் நடுவில், இந்த வெள்ளைக்கார அம்மாள் முன்னால், யாராவது அதைச் சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். யாரும் சொல்லாததால் தானே சொன்னாள்.

"என் பை கிழியாது முசே. நான் பொட்டி போட்டுத்தான் தச்சேன்."

இராமதாசின் முகம் மாறியது. "யாரக் கேட்டுப் போட்ட? நான் ஒத்தக் கோடுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"பொட்டிக்கு எவ்வளவு நூல் போவும்? அது யார் வூட்டு நூலு? அஞ்சு அஞ்சுன்னு தச்சியே, அந்த நேரம் யார் வூட்டு நேரம்?"

மதாம் கிளேர், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "புதிதாக வந்தவளாம், இன்னும் பை தைக்க ஆரம்பிக்கவில்லையாம்" என்றார் இராமதாஸ். மதாம் கிளேர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்து, சீக்கிரம் கற்றுக்கொள் என்று அபிநயம் பிடித்தார்.

அவர் கார் கிளம்பியதும் இராமதாஸ் கணக்காகச் சொன்னார். "புது ஆர்டர் இல்ல. இருக்கறது ரிப்பேர் வேலைதான். உனக்கு ரிப்பேருக்குப் பை இல்ல. பை இல்லாதவளுக்கு மிஷின் எதுக்கு? வூட்டுக்குப் போ. உன் பை கிழிஞ்சு வந்தா சொல்லி அனுப்பறேன்."

"நல்லா தச்சதுக்கா முசே?"

"தச்சதுக்கு இல்லம்மா. கிழியாததுக்கு."

அன்று சாயங்காலம் சாமிக்கண்ணு விஷயத்தை முழுசாகக் கேட்டார். பிறகு, "எங்க மில்லுல துணி நல்லா இல்லன்னு மூடுனானுங்க. உன்ன தையல் நல்லா இருக்குன்னு நிறுத்திட்டானுங்க. ஆக எப்படி நெய்யணும், எப்படித் தைக்கணும்னு இவனுங்க ஒரு முடிவுக்கு வந்தா தேவல" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அஞ்சலாட்சி தட்டாஞ்சாவடிக்கு நடந்தாள். கம்பெனி வாசலில் நின்று கண்ணையனைக் கூப்பிடுவாள்.

"மேஸ்திரி, என் பை ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லியேம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. இன்னாத்தப் போட்டுத் தச்சே நீ?"

வீட்டில் அரிசி குறையக் குறைய, அவளுடைய பிரார்த்தனை மாறிக்கொண்டே வந்தது. முதலில் மாரியம்மனிடம் ஏதாவது வேலை கிடைக்கட்டும் என்றாள். பிறகு, ஒரே ஒரு பை கிழியட்டும் என்றாள். அப்புறம் விவரமாகவே கேட்டாள்: நல்ல பாரமாக ஏற்றுகிற, வழுக்கலான மலையில் ஏறுகிற ஆசாமி யாராவது தன் பையை வாங்கியிருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வார் மட்டும் அறுந்தால் போதும். குழாயடியில் பெண்கள், "அஞ்சலாட்சி, இன்னும் கிழியலியா?" என்று விசாரித்தார்கள். நல்ல செய்தியை விசாரிக்கிற அதே குரலில்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா வீடு தேடி வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"யக்கா, பாரிஸ்லருந்து இன்னொரு மரப்பொட்டி வந்து எறங்கி இருக்குது. நாப்பது பை. நாளைக்குச் சாயங்காலந்தான் பிரிக்கறாங்க."

"என்னுது இருக்கும்னு நெனைக்கறியா?"

"உன்னுது ஏன்க்கா இருக்கப்போவுது? அத வுடு. நான் சொல்றதக் கேளு. நாங்க போடற பொட்டித் தையல் ஒண்ணும் தேற மாட்டேங்குது. நாலு செங்கல்லு வெச்சா அவுந்துக்குது. முப்பத்தொண்ணுல இதுவரைக்கும் ஆறுதான் நின்னுது. மேஸ்திரி மண்டையில அடிச்சிக்கறாரு, முசே கூலியப் புடிக்கறாரு. நீ வந்து பக்கத்துல உக்காந்தாதான் எங்க பொழப்பு ஓடும்."

"அவரு கூப்பிடட்டும், வரேன்."

"அவரு கூப்புடுவாரா? கூப்ட்டா உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியலன்னு ஆயிடுமே. சிவப்பு போட்ட பை கிழிஞ்சு வந்தாத்தான் கூப்புடுவாரு." வசந்தா குரலைத் தாழ்த்தினாள். "என் குவியல்ல மிச்சம் கெடக்கற பையில ஆறு உனக்குத் தரேன். நீல நூலப் பிரிச்சிட்டு சிவப்புல மூணு தையல் போட்டுடறேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல முடிச்சு, புதுசா வந்த பொட்டிக்குள்ள சொருவிடுவேன்."

அஞ்சலாட்சி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "நீ ஒத்தக் கோடு ஓட்டுனத நான் ஓட்டுனேன்னு சொல்லச் சொல்றியா? என் பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"உன் பேரு எங்கக்கா இருக்குது? மூணு சிவப்பு நூலுதான இருக்குது."

அஞ்சலாட்சி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அது மத்தியானம். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ஆறு வேணாம்டி" என்றாள் கடைசியில். "பத்தாக் குடு. கெட்டது கெட்டோம், கொஞ்ச நாளைக்காவது வரட்டும்."

மறுநாள் சாயங்காலம் கண்ணையன் பெட்டியைப் பிரித்து உள்மடிப்பைப் புரட்டினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பருத்தி நூலில் ஒற்றைக் கோடு. எது யார் கைத் தையல் என்று அவருக்குத் தெரியும். வசந்தாவை ஒரு முறை பார்த்தார். முசேவிடம் போய், அஞ்சலாட்சியின் பை கிழிந்து வந்திருக்கிறது என்று சொன்னார்.

அஞ்சலாட்சிக்கு ஆள் போனது. அவள் உள்ளே நுழைந்தபோது எல்லா மிஷின்களும் நிறுத்தப்பட்டிருந்தன. இராமதாஸ் ஒரு கிழிந்த பையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை.

"என் பை கிழியாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் முசே."

"இது யார் நூலு?"

"என்னுதுதான்."

"பொட்டி எங்க காணோம்?"

அஞ்சலாட்சி வசந்தாவின் ஒற்றைக் கோட்டை உற்றுப் பார்த்தாள். அதுகூட வளைந்து போயிருந்தது. கோடாவது நேராக ஓட்டியிருக்கக் கூடாதா என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"போடல முசே. பொய் சொல்லிட்டேன்."

"கேட்டுக்கங்க எல்லாரும்!" என்றார் இராமதாஸ். "சாம்பிள் தச்ச கைன்னு தலையில தூக்கி வெச்சிக்கிட்டு ஆடுனோம். அந்தக் கை லட்சணம் இது. இவளப் பாத்துத்தான நீங்க எல்லாரும் தச்சீங்க? அப்ப கெட்டது எங்க ஆரம்பிச்சுதுன்னு இப்பத் தெரியுதா?"

பத்துப் பெண்களும் அவரைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்தார்கள். சின்னப்பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் காலை மிதித்தாள்.

பாரிஸுக்குக் கடிதம் போனது. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பழைய குமாஸ்தா ஒருவர் அதை நல்ல பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். கடிதம் சொன்னது இது: இத்தனை கிழிசலுக்கும் காரணமானவள் கண்டுபிடிக்கப்பட்டாள். மற்றவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவள்தான். இராமதாஸ் நிறுவனம் பெருந்தன்மையோடு அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் புதிதாக வந்து பை தைக்கவே ஆரம்பிக்காதவள், இப்போது எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டாள். கடிதத்தின் கீழே அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "மரியாதையா எழுதியிருக்குது" என்றார் இராமதாஸ்.

பதில் சீக்கிரமே வந்தது. மதாம் கிளேர் நெகிழ்ந்து போயிருந்தார். தவற்றை ஒப்புக்கொள்ளும் உள்ளம் ஐரோப்பாவில் அருகிவிட்டது என்று எழுதியிருந்தார். இனி எல்லா அட்டையிலும் அந்தப் பெண்ணின் போட்டோவே வரட்டும், கிழிந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வருந்துவதுபோல் இருக்க வேண்டும், வாடிக்கையாளர்கள் மன்னித்துவிடுவார்கள்.

அஞ்சலாட்சி தன் பழைய மிஷினில் உட்கார்ந்தாள். தன் பத்தோடு, மற்றவர்களின் வார்களும் ஒவ்வொன்றாக அவள் மிஷினுக்கு வந்தன. அவள் பொட்டி போட்டாள். செங்கல் தொங்கியது. அவிழவில்லை. "திருந்திட்டா பாத்தியா" என்றார் இராமதாஸ், கண்ணையனிடம்.

சனிக்கிழமை போட்டோக்காரர் வந்தார். சுவரோரம் வெள்ளைத் துணி கட்டி, அவளை நிறுத்தி, கையில் கிழிந்த பையைக் கொடுத்தார்கள். காலையில்தான் கூலி வாங்கியிருந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வாங்கிய கூலி முந்தானை முடிச்சில் இருந்தது. எவ்வளவு அடக்கினாலும் அவள் முகம் தெளிவாகவே இருந்தது.

"சிரிக்காதீங்கம்மா. வருத்தமா வெச்சிக்குங்க" என்றார் போட்டோக்காரர்.

"சிரிக்கலியே."

"தப்பு பண்ணவ மாதிரி நில்லும்மா" என்றார் கண்ணையன்.

"தப்பு பண்ணவங்க எப்படி மேஸ்திரி நிப்பாங்க?"

கண்ணையன் குனிந்து தரையில் கிடந்த ஒரு நூல்துண்டைப் பொறுக்கினார். அஞ்சலாட்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில், தன்னையும் படத்தில் சேர்த்துவிட மாட்டார்களா என்ற நப்பாசையோடு, இராமதாஸ் நின்றுகொண்டிருந்தார். வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி. அஞ்சலாட்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் நெஞ்சை நிமிர்த்தி மோவாயைத் தூக்கிக்கொண்டாள்.

"ஐயய்ய, அப்படி இல்லம்மா" என்று கத்தினார் போட்டோக்காரர். "தலையக் குனிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க."

அவள் அப்படியே இருந்தாள்.